பச்சைக் காருக்கு எண்ணெய் வைத்த கோடை

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். எங்கள் அடுக்குமாடியின் கீழே ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பையன் தன் காரை நுரை போட்டுக் குளிப்பாட்டி, மஞ்சள் துணியால் துடைத்து, நாலடி தள்ளி நின்று அழகு பார்க்கிறான். அவன் பெண்டாட்டி மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று, டிபன் ஆறுகிறது என்று இரண்டு முறை கூப்பிடுகிறாள். அவன் கையை மட்டும் ஆட்டுகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன வாரம் பொறுக்க முடியாமல், "மேல போய் சாப்டுப்பா, கார் எங்கயும் ஓடிடாது" என்று சொல்லிவிட்டேன். இந்தக் கிழவிக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பான். நினைத்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு அப்போது பதினோரு வயது. எழுபதுகளின் பின்பாதி, ஆம்பூர். அப்பா ஒரு டேனரியில் பினிஷிங் மாஸ்டர். தோல் என்றால் உப்பு, சுண்ணாம்பு, நாற்றம் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். அதெல்லாம் முன்பக்கத்து வேலை. காய்ந்து வந்த தோலுக்குக் கடைசியில் நிறம் கொடுத்து, மெருகேற்றி, கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம் போல ஆக்குகிற வேலை அப்பாவுடையது. சரக்கு வாங்க வருகிறவரை டேனரியில் எல்லோரும் பையர் என்பார்கள். அவர் தோலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து முடிக்கிற வரைக்கும் அப்பா மூச்சுவிட மாட்டார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். வீட்டிலும் அப்பா அப்படித்தான். அவர் பேசி நான் கேட்டதை எல்லாம் எழுதினால் நாற்பது பக்க நோட்டு நிறையாது.

அம்மாவுக்குக் குடியாத்தம். கைலி நெய்கிற வீடு. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள் என்பதால் சத்தமாகப் பேசுவாள், சத்தமாகச் சிரிப்பாள். எதிரில் ஆள் இல்லாவிட்டால் அடுப்போடு பேசுவாள். அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? பாவம். அந்தப் பாவம் எனக்கு இந்த வயதில்தான் உறைக்கிறது. அப்போது, அம்மா ஏன் இவ்வளவு பேசுகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

வீட்டுப் பக்கவாட்டில், முள்வேலி ஓரம், கார் நின்றது. டேனரி முதலாளி ஓட்டி முடித்த பழைய இங்கிலீஷ் கார். உருண்டை முதுகு, தவளைக் கண், கரும்பச்சை. அவர் புதிது வாங்கியபோது அப்பாவின் வேலையை மெச்சி இதை அவருக்கே கொடுத்துவிட்டார். வந்த புதிதில் ஒரே ஒரு முறை வேலூர்ப் பக்கத்து அமிர்திக் காட்டுக்குப் போனோம். அம்மா வழியெல்லாம் பேசினாள். அருவியில் நனைந்தாள். அங்கே கம்பிக்குப் பின்னால் நின்ற மானிடம்கூட, "இன்னாடி, சாப்டியா?" என்று விசாரித்தாள். அப்பா அன்றைக்கு மூன்று முறை சிரித்தார், நான் எண்ணினேன்.

அதற்கப்புறம் வருகிற ஞாயிற்றுக்கிழமை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளித் தள்ளிப்போய், பேட்டரி செத்து, கார் நின்ற இடத்திலேயே மூன்று வருடம் வெயிலில் காய்ந்தது. பச்சை முதலில் மங்கியது. பிறகு சாம்பல் பூத்தது. கடைசியில் யாரோ சுண்ணாம்பு அடித்தது போல ஆகிவிட்டது. தொட்டால் விரலில் மாவு ஒட்டும்.

முழுப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா போனாள். சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால்கூடத் தேவலை. பெட்டியோடு வெளியே வந்தவள், காரின் மூக்கில் ஒரு விரலை இழுத்து, வெளுத்துப்போன விரலை அப்பாவிடம் காட்டினாள்.

"இத பாருங்க. இதையும் பாக்கல, என்னையும் பாக்கல."

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். என்னிடம் குனிந்து, "பரீட்சைய எழுதி முடி பாப்பா. முடிஞ்சதும் அம்மாகிட்ட வந்துடு" என்றாள். பிறகு தெருமுனை திரும்பிவிட்டாள். அவள் அப்பாவிடம் சொன்னதில் இரண்டு பாதி இருந்தது. அப்பா காதில் முதல் பாதிதான் விழுந்தது. எனக்கும் அதுதான் விழுந்தது என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா வேறொரு காரணம் கண்டுபிடித்தாள். "நெசவுக்காரங்க வீட்டுப் பொண்ணு, தோல் வாடை ஒத்துக்கல போல" என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அன்று சாயங்காலமே அப்பாவின் சட்டைகளை எல்லாம் ஊறவைத்து, ஒரு சோப்புக்கு இரண்டு சோப்பாகப் போட்டுத் துவைத்தேன். கை வெந்துபோனதுதான் மிச்சம்.

பரீட்சை முடிந்த அன்று குடியாத்தத்திலிருந்து ஓர் இன்லேண்டு லெட்டர் வந்தது. பாப்பாவை அனுப்புங்கள், இல்லாவிட்டால் நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று இரண்டே வரி. அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வெளியே போய்க் காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

"ரெண்டு பேருமே போலாம் பாப்பா. கார சரி பண்ணி, கார்லயே போய், அம்மாவ முன்சீட்ல உக்காரவச்சி கூட்டிட்டு வந்துடலாம்."

இவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. எனக்குப் புல்லரித்தது. "எப்போப்பா?" என்றேன்.

"பத்து நாள்."

இன்ஜினைப் பார்க்க மெக்கானிக் பாய் வந்தார். இரண்டே நாளில் அதை இருமவைத்து, உறுமவைத்து, ஓடவும் வைத்துவிட்டார். பிறகு வெளுத்த பானெட்டைத் தட்டி, "உள்ளாற ஜோரா இருக்குது மாஸ்டர். மேலதான் பேஜாரு. சொரண்டி எடுத்துட்டு புது பெயிண்ட் அடிச்சித் தரேன், மூணு நாள்" என்றார்.

"வேணாம் பாய்."

"ஏன் மாஸ்டர்?"

அப்பா எப்போதும் இல்லாத பிடிவாதத்தோடு பேசினார். கீறல் விழுந்த மட்டமான தோலைத் தேய்த்துவிட்டு, மேலே கெட்டியாகச் சாயம் பூசி நல்ல தோல் என்று தள்ளிவிடுவது டேனரிகளில் நடக்கிற காரியம்தான். அப்பாவுக்கு அது ஆகாது. "இது கம்பெனில அடிச்ச பெயிண்டு. அடியில உசுரோட இருக்குது. மேல பூசிட்டா அது வேற கார் பாய். அவளுக்குத் தெரிஞ்ச கார் இதுதான்."

பாய் கையைத் துடைத்துக்கொண்டே, "தங்கச்சிக்கு கார் வேணுமா, மாஸ்டர் வேணுமான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று சிரித்தார். இந்தக் கதையில் புத்தியோடு பேசிய ஒரே ஆள் அவர்தான். நாங்கள் இரண்டு பேரும் அதை ஜோக் என்று விட்டுவிட்டோம்.

வேலை ஆரம்பமானது. முதல் நாள் ஈரத்துணியால் துடைத்தபோது துணி முழுக்கப் பச்சை. நான் பயந்துபோனேன். "செத்துப்போன பெயிண்டு பாப்பா, வரட்டும்" என்றார் அப்பா. தோலுக்குள் எண்ணெய் இருக்கிறது. வெயிலில் போட்டால் அது வற்றி, தோல் விறைத்து, வெளுத்துவிடும். எண்ணெயைத் திருப்பிக் கொடுத்தால் தோல் மறுபடி இளகி நிறம் காட்டும். பெயிண்டுக்கும் அதேதான் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான், பிற்காலத்தில் கார்க்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதற்கு அவர் டேனரியிலிருந்து கொண்டுவந்தது மீன் எண்ணெய்.

ஐயோ, அந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கார் முழுக்க மீன் எண்ணெயைப் பூசி வெயிலில் நிறுத்திவிட்டு அப்பா வேலைக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு முதல் பூனை வந்தது. பன்னிரண்டு மணிக்குக் காரின் கூரை மேல் ஐந்து பூனைகள் உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தன. நான் துடைப்பத்தோடு சுற்றிச் சுற்றி ஓடினேன். வழியில் போன மெக்கானிக் பாய், "இன்னா பாப்பா, உங்கப்பா கருவாட்டுக் கட போட்டுட்டாரா?" என்றார். சாயங்காலம் வந்த அப்பா பூனை நக்கிய இடங்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "மாட்டுக்கால் எண்ணெ போட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அம்மா இருந்திருந்தால் தெரு பூராவும் கேட்கிற மாதிரி சிரித்திருப்பாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதேன்.

மறுநாளிலிருந்து மாட்டுக்கால் எண்ணெய், அதுவும் தோலுக்குப் போடுகிற டேனரிச் சரக்குதான். கொஞ்சம் மெழுகு கலந்து கெட்டியாக்கி, பழைய துவாலையால் தேய்த்துவிட்டு, ஒரு பகலும் ஓர் இரவும் ஊறவிடுவது. காலையில் பார்த்தால் கார் எல்லாவற்றையும் குடித்துவிட்டு மறுபடி வெளிறி நிற்கும். மறுபடி பூசுவது. வேலைக்குப் போகுமுன் அப்பா ஒரு பகுதியைக் காட்டிவிட்டுப் போவார், பகலில் அதற்கு எண்ணெய் வைப்பது என் பொறுப்பு.

தெருப் பிள்ளைகள் லீவுக்கு ஊர்ஊராகப் போய்விட்டார்கள். காலை எட்டுக்கு டேனரிச் சங்கு ஊதினால், சாயங்காலம் அப்பா வருகிற வரைக்கும் என்னிடம் பேச யாரும் கிடையாது. காலையில் வடித்த சோறு, மதியம் தயிர். வெள்ளிக்கிழமை மட்டும் பிரியாணிப் பொட்டலம். தெருவில் யார் வீட்டிலோ தாளிக்கிற சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன், அம்மா வந்துவிட்டாளோ என்று. வேறெதுவும் செய்யத் தோன்றாதபோது காருக்குள் போய் அவள் உட்கார்ந்த முன்சீட்டில் உட்காருவேன். வெயிலில் சீட்டு சுடும். அப்படியே உட்கார்ந்திருப்பேன். ரொம்பத் தனியாக இருந்தேன், அதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

ஏழாவதோ எட்டாவதோ தடவை எண்ணெய் வைத்துத் துடைத்தபோது, கூரையின் ஓர் ஓரத்தில் பச்சை எழுந்து வந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி ஆழமான பச்சை. அதில் என் முகம் தெரிந்தது. நான் கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினேன். சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை. அப்பா வரும்வரை அந்த இடத்தைத் துவாலை போட்டு மூடிவைத்திருந்தேன். அவர் பார்த்தார், இரண்டு விரலால் தடவினார், என் தலையிலும் ஒரு தடவு தடவினார்.

பத்து நாள் இருபதானது. இருபது முப்பதானது. இதுக்கு மேல என்னப்பா, போலாமேப்பா என்று கேட்டேன். அவர் ஒரு கதவின் அடிப்பக்கத்தைக் காட்டினார், அங்கே இன்னும் வெளிறல் இருந்தது.

"பினிஷ் ஆவாத தோல பையர் கண்ணுல காட்டக்கூடாது பாப்பா. ஒரு தடவ ரிஜெக்ட் பண்ணிட்டா அவ்ளோதான்."

ரிஜெக்ட் என்பது எங்கள் வீட்டில் சாவுக்கு அடுத்தபடியான சொல். ரிஜெக்ட் ஆன வாரங்களில் அப்பா சோறே தின்ன மாட்டார். எனக்கு அது அப்படியே மனதில் இறங்கியது. காரில் ஒரு குறை இருந்தாலும் அம்மா வரமாட்டாள், அவ்வளவுதான், தீர்ந்தது.

நாற்பதாவது நாள் போல இருக்கும். எனக்குப் பொறுமை போய்விட்டது. அப்பாவின் பையில் தோலைத் தேய்க்கிற உப்புத்தாள் இருந்தது. மேல் அடுக்கைத் தேய்த்துவிட்டால் தோல் உடனே வழவழப்பாகிவிடும் என்று கேட்டிருந்தேன். பின்பக்க இடது கதவில், கைப்பிடிக்குக் கீழே, கொஞ்சம் பிடிவாதமாக வெளிறி நின்ற இடத்தில் வைத்துத் தேய்த்தேன். வெளுப்பு போனது. சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். பச்சையும் போனது. உள்ளேயிருந்து செங்கல் நிறம் எட்டிப் பார்த்தது, எட்டணாக் காசு அளவுக்கு.

எண்ணெய் வைத்தேன், நிறம் வரவில்லை. எச்சில் வைத்தேன். வேலியோரத்து மண்ணைக் குழைத்து அப்பினேன். அப்பா வந்ததும் கை வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், எதுவும் சொல்லவில்லை. அந்தக் கதவை மிச்ச நாட்களில் அவரே முடித்தார். அப்போதும் எதுவும் சொல்லவில்லை. கவனிக்கவில்லை என்று முடிவுகட்டினேன். அந்தப் பக்கம் நான் அதற்கப்புறம் போகவே இல்லை, பார்க்கவே தைரியம் வரவில்லை.

மூன்று நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். கார் அப்படி மின்னியது. லாரிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வெயில் ஏறியதும் இடுக்குகளிலிருந்து மீன் எண்ணெய் வாடை கிளம்ப, கண்ணாடிகளை இறக்கிவிட்டோம். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நான் ரெட்டைச் சடை, நானே பின்னியது. அம்மா ஏறி உட்கார்ந்ததும் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக மனதில் அடுக்கிக்கொண்டே போனேன். பூனைக் கதைதான் முதலில்.

குடியாத்தத்தில் தெரு முழுக்கத் தறிச் சத்தம். கார் நின்றதும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். நான் குதித்து இறங்கி ஓடிப்போய், பின்கதவின் அந்த இடத்தில் முதுகை வைத்து ஒட்டி நின்றுகொண்டேன். தகரம் முதுகைச் சுட்டது. அப்பா பானெட்டுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார், மூச்சுவிடாமல்.

அம்மா வாசலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். காரை அவள் பார்க்கவே இல்லை.

"லெட்டர் போட்டு நாப்பத்தி மூணு நாளு" என்றாள்.

"கார்..." என்று ஆரம்பித்தார் அப்பா.

"ஆம்பூர்லருந்து இங்க பஸ்ஸே இல்லையா?"

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா தரையைப் பார்த்தபடி, "பழைய பெயிண்டுதான். மேல எதுவும் பூசல" என்றார். அவ்வளவு தூரம் போய் அவர் பேசியது அதுதான். வா என்று ஒரு வார்த்தை வரவில்லை அந்த மனுஷனுக்கு.

அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். முகம் மாறியது. படியிறங்கி வந்து, குனிந்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

"பாப்பா. வாடி."

நான் நகர்ந்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் ரிஜெக்ட். நான் தலையை ஆட்டினேன், வரமாட்டேன் என்று.

"வாடி கண்ணு. அம்மாடி."

மறுபடியும் ஆட்டினேன். அவள் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தன. அப்புறம் நிமிர்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே போனாள். சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, வாசலிலேயே நின்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஏறு பாப்பா" என்றார் அப்பா. ஏறினேன். இப்போது சொல்லக் கூசுகிறது, எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைச் சரிபண்ணிவிடலாம் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வரவில்லை. அம்மா திரும்பி வரவே இல்லை. நான் லீவுகளில் பஸ் ஏறிப் போவேன். சோறு போடுவாள், தலை வாரிவிடுவாள், விருந்தாளியிடம் பேசுவது போல் மெதுவாகப் பேசுவாள். மானிடம்கூட ஊர்க்கதை பேசினவள். அப்பாவின் மேலுள்ள கோபத்தில் என்னையும் தள்ளிவைத்துவிட்டாள் என்று நான் முப்பது வருடம் அவள் மேல் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா கண்ணை மூடிய பதினாறாம் நாள் காரியம் முடிந்து, புடவைகளை மடித்துக்கொண்டிருந்தபோது சித்தி சொன்னாள். "அன்னிக்கு கார் சத்தம் கேட்டதுமே அக்கா பொட்டிய கட்டிட்டாடி. உங்கப்பா பேசலன்னாலும் போயிடறதுன்னுதான் இருந்தா. அவர் பேச மாட்டார்னு அவளுக்குத் தெரியாதா? நீ தலைய ஆட்டுன பாரு, அதுலதான் ஒடஞ்சி போய்ட்டா. கொழந்தைக்கே நான் வேணாம்னு ஆயிடுச்சி, அங்க போய் யாருக்கு இன்னா பண்ணப்போறேன்னு சொல்லிச் சொல்லி அழுதா."

மிச்சப் புடவைகளையும் மடித்து வைத்தேன். வீட்டுக்கு வந்தேன். அப்பா அப்போது என்னோடுதான் இருந்தார். டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, அந்தக் கார்ல பின்கதவுல ஒரு எடத்த நான் தேச்சி கெடுத்துட்டேன்."

"எட்டணா சைஸு. கைப்பிடிக்குக் கீழ" என்றார் அப்பா.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கு சாயங்காலமே பாத்துட்டேன். மண்ணு அப்பியிருந்துச்சே." அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "மறுநாள் டேனரிலருந்து பச்சையும் கருப்பும் கொண்டாந்து கலந்து, லாக்கர் மெருகு போட்டு விரலாலயே வச்சேன். நாலு கோட்டு. வெயில்ல திருப்பிப் பாத்தாலும் தெரியாது. பையரே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

மேலே எதுவும் பூசவில்லை என்று அம்மாவிடம் அவர் சொன்னது, எனக்காகச் சொன்ன பொய். நான் முதுகைச் சுட்டுக்கொண்டு மறைத்து நின்ற இடத்தில் மறைப்பதற்கு ஒன்றுமே இருந்திருக்கவில்லை.

"ஏம்பா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "சொல்றதுக்கு இன்னா இருக்குது பாப்பா? அதான் சரி பண்ணிட்டேனே."

சித்தி சொன்னதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் காலி டம்ளரை நீட்டினார். வாங்கிக்கொண்டுபோய்க் கழுவி வைத்தேன்.